விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

பன்னீர்செல்வத்துக்குப் பூலோகத்தில் பகையாளி என்று ஒரே ஒருவன்தான்: ஊதா நிறம். ஊதாப் புடவை கட்டிக்கொண்டு எதிரே வந்தால் சொந்த மாமியாராக இருந்தாலும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மாமியாரிடம் நின்று பேசத்தான் செய்வார், முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்.

துணியில் இருக்கிற ஊதாவோடு அவருக்குப் பெரிய வழக்கு கிடையாது. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது வெள்ளைப் பொருளின் விளிம்பில் நூலளவு ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஊதாதான் ஆகாது. யாராவது கல்யாண ஆல்பத்தை நீட்டினால் பெண்ணைப் பார்க்கமாட்டார், மாப்பிள்ளையின் வேட்டி ஓரத்தில் கலர் வழிகிறதா என்று பார்ப்பார். சினிமாவில் கதாநாயகி செத்துக்கொண்டிருக்கிற கட்டத்தில், “தியேட்டர்காரன் லென்ஸு சரியில்ல, மூக்கோரம் பாரு, பச்சையா ஒழுகுது” என்பார். அழுதுகொண்டிருந்த வரிசை மொத்தமும் திரும்பி முறைக்கும். பக்கத்தில் மனைவி வசந்தா முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வாள்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஐப்பசி மழையில் தவளைகள் மட்டுமே நேரத்துக்கு வேலைக்கு வரக்கூடிய ஒரு தெருவின் கடைசியில் இருந்தது அந்த லென்ஸ் கம்பெனி. நிலம் அளக்கிற கருவிக்கும், பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புக்கும், சினிமா புரொஜெக்டருக்கும் லென்ஸ் செய்தார்கள். பன்னீர்செல்வம் அங்கே டிசைன் பிரிவு. பிரிவு என்றால் அவரும், ஒரு கம்ப்யூட்டரும், அந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறாமல் இருக்க ஒரு மேஜை ஃபேனும். தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், ரயிலேறிச் செங்கல்பட்டு போய் இன்னொரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பலாம், கம்ப்யூட்டர் பாதிதான் முடித்திருக்கும்.

கண்ணாடிக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. வெள்ளை வெளிச்சத்தை உள்ளே விட்டால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல மடக்காது. நீலத்தை அதிகமாக மடக்கும், சிவப்பைத் தளர விட்டுவிடும். நீலம் முன்னால் ஓரிடத்தில் போய்ச் சேர, சிவப்பு தாமதமாகப் பின்னால் வந்து சேரும். உருவத்தின் ஓரமெல்லாம் கலர் கசியும். இதற்கு வைத்தியம், இன்னொரு கோணல் புத்திக்காரக் கண்ணாடியைத் தேடிப்பிடித்து அதன் முதுகில் ஒட்டிவிடுவது. ஒன்று குவிந்த, லேசான கண்ணாடி. மற்றது குழிந்த, ஈயம் கலந்த கனமான கண்ணாடி. இது இழுத்த கலரை அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிக்கட்டும். வெளிச்சத்தைக் குவிக்கிற வேலை மட்டும் மிச்சமிருக்கும். எந்தக் கண்ணாடிக்கு எது பொருந்தும், எவ்வளவு வளைவு, எவ்வளவு தடிமன் என்று ஜாதகம் பார்ப்பது பன்னீர்செல்வம்.

“திருவிடந்தை பெருமாளுக்குத் தினம் ஒரு கல்யாணம்தான், எங்க சாருக்கு தினம் மூணு” என்பான் பாலிஷ் பிரிவு திருநாவுக்கரசு.

பெஞ்ச் என்கிற சோதனை மேடையில் லென்ஸைப் பொருத்திப் பார்க்கிறவர்கள் “சார், இதுல கலர் வருது” என்று வந்தால் பன்னீர்செல்வம் தலையை நிமிர்த்தாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “லென்ஸை எடுத்துட்டுப் பாத்தியா?” எடுத்த பிறகும் கோளாறு தெரிந்தால் அது லென்ஸில் இல்லை, பெஞ்சில். ஒருமுறை இதைச் செய்யாமல் யாரோ ஒரு வண்டி நிறைய லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் கோளாறு பெஞ்சுக் கண்ணாடியில் என்று தெரிந்து கம்பெனியே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அங்கே காலை வணக்கம் மாதிரி.

வசந்தா திருவிடந்தைப் பெண். அப்பனுக்கு வேர்க்கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும். பிறந்ததிலிருந்தே பிளஸ் பவர் கண். அவளுடைய பழைய கண்ணாடியை வெயிலில் காட்டினால் தெருவில் போகிற பீடி தானாகப் பற்றிக்கொள்ளும். அது வழியாகப் பார்த்தால் அவள் கண்கள் இரண்டும் மசால்வடை அளவுக்குத் தெரியும். அந்த வருஷம் ஆடி மாசத்தில், கனம் மூக்கை அழுத்துகிறது என்று செங்கல்பட்டு பஜாரில் மெல்லிசான புது பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். “மெல்லிசா இருக்கும், கலரை அள்ளி எறியும். வேணாம்” என்றார் பன்னீர்செல்வம். அவள் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்தது. சமையற்கட்டில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

“இன்னாங்க, இங்க வாங்களேன். பல்ப சுத்தி வானவில்லு மாதிரி கீது.”

பன்னீர்செல்வம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த வேகத்தில் மீன் சட்டி கவிழ்ந்தது.

“என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.”

“வானவில்லுங்க. வட்டமா கீது.”

“உள்ள என்ன கலர்? வெளிய என்ன கலர்?”

“உள்ளாற நீலம். வெளிய செவப்பு. நடுவுல மஞ்சா, பச்ச, எல்லாம் கலந்துகினு.”

“அடிப்பாவி!”

“இன்னாத்துக்கு கத்தறீங்க? பயமா கீது.”

“பயமில்லடி. இதைப் பாக்கறதுக்கு எங்க ஆளுங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தாலும் கண்ணுல படமாட்டேங்குது. நீ நெத்திலி ஆஞ்சிகினே பாத்துட்ட!”

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவருடைய பார்வை வீடியோக்காரனின் லென்ஸில்தான் இருந்தது.

“தலயும் நோவுதுங்க. இந்தப் பக்கம், புருவத்துக்கு மேல.”

“நோவத்தான் செய்யும். எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கு பண்ற வேலை. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?”

சொல்லியிருந்தார். அதுதான் விபரீதம். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் நிஜமாகவே கலரைச் சிதறடிக்கிற ஜாதி. ஆனால் அது செய்தால் ஒரு ஓரத்தில் நீலம், மறு ஓரத்தில் சிவப்பு என்று பிசிறடிக்கும். நேராகப் பார்க்கிற பல்பைச் சுற்றித் தட்டு மாதிரி முழு வட்டம் போடாது. இது பன்னீர்செல்வத்துக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்தும், ஃபிரேம் மூக்கில் சரிந்து உட்கார்ந்திருக்கும், தூரம் மாறியிருக்கும் என்று தனக்குத்தானே இருபது சமாதானம் சொல்லிக்கொண்டார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரும் மூக்குக் கண்ணாடிக்கு ஜோடி லென்ஸ் போட்டதில்லை, நாம் போட்டால் என்ன என்று உள்ளே ஒரு குரல் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் கம்பெனி வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் வசந்தாவுக்காகத் திணற ஆரம்பித்தது.

“சார், வூட்டம்மாவுக்கு டெலஸ்கோப்பா?” என்றான் திருநாவுக்கரசு.

“தேய்க்கிற வேலையை மட்டும் பாரு.”

“தேய்க்கிறேன் சார். இத்த மாட்னா அம்மாவுக்குக் கழுத்து நிக்குமா, அத்தச் சொல்லு. கருங்கல்லாட்டம் கீது.”

வீட்டில் தினம் சாயங்காலம் விசாரணை. செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு எப்படி?” என்பார். கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள் வசந்தா. அவள் உடம்பைப் பற்றி, அவள் பார்த்ததைப் பற்றி அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்டு அவள் அறியாள். குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட வாயால் சொல்லாமல் டப்பாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆள். இப்போது எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பச்சை எவ்வளவு அகலம்? விரல் அளவா, நகம் அளவா?” என்று கேட்கிறார். அவள் பார்த்ததை வைத்துக் கதையே சொன்னாள். “இன்னிக்கு ரெண்டு வளையம்ங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு.” தலைவலியைப் பற்றிச் சொன்னால் அவர் முகம் சுண்டும். வளையத்தைப் பற்றிச் சொன்னால் மலரும். ஆகவே வலி பேச்சில் குறைந்துகொண்டே வந்தது. கண்ணில் மட்டும் குறையவில்லை.

கார்த்திகைக்குத் திருவிடந்தை போனார்கள். வசந்தாவின் தம்பி எல்லப்பன் மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். வேலியோரம், கிணற்றடி, மாட்டுக்கொட்டாய் எங்கும் அகல் வைத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது, கடல்காற்று ஈரமாக வந்தது. தோப்புப் பக்கம் பசங்கள் மாவலி சுற்றினார்கள். கரித்தூள் மூட்டையில் நெருப்பு வைத்துக் கயிற்றில் கட்டிச் சுழற்ற, பொறி வட்டம் வட்டமாகச் சிதறியது. வசந்தா பொரி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

“டேய் எல்லப்பா, ஒவ்வொரு வெளக்கும் ஒரு கோலம் போட்டுகினு கீதுடா. எம்மாம் அழகு தெரியுமா?”

“இன்னாக்கா சொல்ற? எனக்கு வெறும் வெளக்குதான் தெரிது.”

“உனுக்குத் தெரியாது. அதுக்குக் கண்ணு வேணும்.”

சிரித்த கையோடு வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பொரி உருண்டை வெல்லம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவானது.

எல்லப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. பன்னீர்செல்வத்தைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“மாமா, இது எனக்கு நல்லாப் படல. கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுனு போயிரலாம். வேன் நம்ம கையில கீது.”

“போனா என்ன பண்ணுவான் மச்சான்? கண்ணாடியை மாத்துவான். அதைத்தான் நானும் பண்ணிக்கிட்டிருக்கேன், அவனுக்குத் தெரியாத கண்ணாடியா.”

“அக்கா கண்ணு கல்லாட்டம் கீதுன்னு சொல்லுது மாமா.”

“புதுக் கண்ணாடி வந்துட்டா எல்லாம் சரியாப்போகும். உனக்கு வேன் ஓட்டத் தெரியும். நான் என்னிக்காவது ஸ்டியரிங்கைப் புடுங்கியிருக்கேனா?”

எல்லப்பன் தோப்புப் பக்கம் திரும்பி நடந்தான். படித்தவரிடம் எவ்வளவு பேசுவது?

கண்ணாடி தயாரானது. ஒவ்வொரு பக்கமும் ஒட்டிய ஜோடி, கட்டை ஃபிரேமில். மேஜையில் வைத்தால் மேஜை முனகும் என்று கம்பெனியில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கரா மீன் குழம்பும் சோறும் முடிந்த கையோடு பன்னீர்செல்வம் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். லென்ஸில் கலர் இருக்கிறதா என்று பார்க்க ஊசிமுனை வெளிச்சமும் கும்மிருட்டும் வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி அடித்தார். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தார். பால் பவுடர் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே பல்பை எரியவிட்டு எதிர்ச்சுவரில் வைத்தார். அந்த அறைக்குள் ஆந்தையை விட்டிருந்தால் அதுவும் வழி கேட்டிருக்கும்.

“கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். பேசாம உக்காரு.”

வசந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது.

“வளையம் தெரியுதா?”

“தெரிதுங்க. நல்லா பெருசா.”

“இப்ப புதுசு.” ஜோடிக் கண்ணாடியை மாட்டினார். “இப்ப?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவர் எத்தனை நாள் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“கீதுங்க” என்றாள், குற்றம் செய்தவள் மாதிரி.

பன்னீர்செல்வத்துக்கு நம்பமுடியவில்லை. ஃபிரேமை உயர்த்தினார், தாழ்த்தினார். தூரத்தை மாற்றினார். முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நோவுதுங்க.”

“எங்க?”

“கண்ணுக்குள்ளாற. வலது கண்ணு. யாரோ கட்டைவிரல வச்சி அமுக்கற மாதிரி.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ. இந்த ஒரு தடவை. டப்பாவையே பாரு, வேற எங்கயும் பாக்காத.”

அவள் பார்த்தாள். நாற்காலிக் கையை அவள் பிடித்திருந்த பிடியில் பிரம்பு இற்றது. அது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

“இடது கண்ணை மூடிக்கோ. இப்ப சொல்லு. கலர்?”

அவள் உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினாள்.

“கலரு இல்லீங்க.”

“இல்லியா?”

“போயிட்ச்சி. ஒண்ணும் இல்ல.”

பன்னீர்செல்வம் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கூரை அதிர்ந்திருக்க வேண்டும். “ஜெயிச்சிட்டேன்! வசந்தா, ஜெயிச்சிட்டேன்!” என்று ஜன்னலுக்கு ஓடி ஆணியோடு கம்பளியைப் பிய்த்தார். பின்னால் அவள், “வெளிச்சமும் பொகையாட்டம் கீதுங்க” என்று சொன்னது மழைச்சத்தத்தில் போய்விட்டது.

பகல் உள்ளே வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய வலது கண் செம்பருத்திப் பூவாகச் சிவந்து, கருவிழி மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கிப்போயிருந்தது. அவள் நாற்காலியிலிருந்து சரிந்து, சாப்பிட்டதையெல்லாம் தரையில் கக்கினாள்.

வாந்தி என்றதும் எல்லோருக்கும் வயிறுதான் ஞாபகம் வரும். தெருமுனை கிளினிக்கில் பித்தம் என்றார்கள், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்று ராத்திரியும் மறுநாளும் அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முனகினாள். மறுநாள் சாயங்காலம் நெத்திலி கொண்டுவந்த எல்லப்பன் அக்காவைப் பார்த்தான், பையை வாசலிலேயே போட்டான்.

“யோவ் மாமா, நீ படிச்சவன்தானா? அக்காவுக்குக் கண்ணு வெந்து போயிகீதுய்யா!”

அவன் அவளைத் தூக்கி வேனில் படுக்கவைத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்று அந்த வேன் சக்கரம் தரையில் பட்டதா என்பது சந்தேகம்.

செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் மார்கரெட் என்று ஒரு அம்மாள். கண்ணைத் தொட்டுப் பார்த்தவுடன் நர்ஸை விரட்ட ஆரம்பித்தார். சொட்டு மருந்து, மாத்திரை, கையில் மருந்து ஏற்றினார்கள். எல்லாம் ஓடி முடிந்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கண்ணுக்குள்ள தண்ணி ஊறி வடியறதுக்கு ஒரு வாய்க்கால் இருக்குங்க. பிளஸ் பவர்காரங்களுக்கு அது பொறந்ததுலேர்ந்தே குறுகல். இருட்டுல கண்ணு பாப்பா விரிஞ்சா சில பேருக்கு மடை அடைச்சுக்கும். பிரஷர் ஏறிடும். லேசா ஏறும்போது விளக்கைச் சுத்தி வானவில் தெரியும். அதுதான் எச்சரிக்கை. எத்தனை நாளா தெரிஞ்சுதும்மா?”

“ஆவணியிலேர்ந்து” என்றாள் வசந்தா.

“ஐயோ. கண்ணாடியைக் கழட்டினா தெரிஞ்சுதா, தெரியலியா?”

சுவரோரம் நின்றிருந்த பன்னீர்செல்வம் தலையை நிமிர்த்தினார்.

“தெரியும்மா. கயட்டினாதான் இன்னும் ஜோரா தெரியும். வேல முடிஞ்சி கண்ணாடிய கயட்டி வச்சிட்டு படுத்துகினு பாத்துகினே இருப்பேன்.”

“ஏண்டி சொல்லல?” என்றார் அவர், சுவரை விட்டு முன்னால் வந்து.

“நீங்க கேக்கலியே.”

எல்லப்பன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

டாக்டர் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். அது கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. “என்ன அது?” என்று கேட்டு வாங்கி, அந்த ஜோடிக் கண்ணாடியைத் தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தார். ஓரத்துக்கு ஓரம் திருப்பினார்.

“பிளஸ் லென்ஸ்தானே? கலரே இல்லையே! யார் செஞ்சது? ரொம்ப நல்லா இருக்கு.”

பன்னீர்செல்வத்தின் வேலையை அதற்குமுன் யாரும் இவ்வளவு நேராகப் பாராட்டியதில்லை. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

வலது கண் போனது போனதுதான். இடது கண்ணுக்கு அந்த கதி வராமல் இருக்க, அதன் பாப்பாவுக்குப் பக்கத்தில் லேசரால் ஊசிமுனை ஓட்டை ஒன்று போட்டுத் தண்ணீருக்கு வழி விட்டார்கள்.

தை, மாசி போனது. பன்னீர்செல்வம் வேலைக்குப் போனார், வந்தார். பெஞ்சிலிருந்து யாராவது “சார், கலர் வருது” என்றால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, தானே எழுந்து போய் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். வீட்டில் செருப்பைக் கழற்றுவார், ஓரமாக வைப்பார், வாயைத் திறக்கமாட்டார். உப்பு டப்பாவைத் தானே தேடி எடுத்துக்கொள்வார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. வசந்தா பழைய கனத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் கரண்டி அடிக்கடி சட்டி விளிம்பில் இடித்தது. அவர் வாசற்படியில் நின்றிருந்தார்.

“இன்னாங்க, முன்ன மாதிரி ஒண்ணும் கேக்க மாட்டறீங்களே” என்றாள் அவள், திரும்பாமல். “இன்னிக்கு எப்பிடின்னு கேட்டா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?”

பன்னீர்செல்வம் பல்பைப் பார்த்தார்.

“சுத்தி எதுனா தெரியுதா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இல்லீங்க. வெறும் பல்புதான்.”

அவர் கிட்டே வந்தார். கம்பெனியில் பெஞ்சிலிருந்து லென்ஸை எடுக்கிற மாதிரியே, விரல் முகப்பில் படாமல், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து அவள் கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்ப?”

வசந்தா அந்த ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இப்பவும் இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டுதாங்க சொல்றேன். குடுங்க, நெத்திலி தீயுது.”

அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தரம், இன்னும் மெதுவாக, “இப்ப?” என்றார். நெத்திலி தீய்ந்தே போனது.